ராயபுரத்தைக் கடலுக்குள் தள்ளிய பத்து விநாடி
துறைமுகத்துக்கு வடக்கே: பகுதி 17

ராயபுரம் ரயில் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்ததையும், ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. நிலையத்துக் கடிகாரம் எந்த ஊர் மணியைக் காட்ட வேண்டும்? அதுவரை ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் மணி இருந்தது. உச்சிப்பொழுது வந்தால் அந்த ஊரில் பன்னிரண்டு. மேற்கே போகப் போக உச்சிப்பொழுது தாமதமாகும். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டிகள் வரும் காலத்தில் இந்த ஏற்பாடு உயிருக்கே ஆபத்து. 1870 வாக்கில் இந்திய ரயில்வேக்கள் மதராஸ் மணியைப் பொது மணியாக ஏற்றன. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறத்தாழ நடுவில் மதராஸ் இருந்தது ஒரு வசதி. நம்பகமான மணியைச் சொல்லக்கூடிய வானாய்வகம் இங்கே இருந்தது அதைவிடப் பெரிய வசதி. 1906 ஜனவரி 1 அன்று இன்றைய இந்திய நேரம் வரும்வரை, லாகூர் வண்டியும் ராயபுரம் வண்டியும் ஒரே மதராஸ் மணிக்குக் கிளம்பின.

அந்த மணி பிறந்த இடம் நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர்பதவி வகித்த வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வகத்தைக் கம்பெனி ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பியது. கல்லூரிச் சாலையில் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகம் அது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் கல்வெட்டு உண்டு. வானவியலை வளர்ப்பதுடன் நில அளவையையும் கப்பல் பயணத்தையும் செம்மைப்படுத்துவது அந்த ஆய்வகத்துக்கு இடப்பட்ட பணி. கரையோரம் வாழ்ந்த நம் பகுதிக்கு அந்தக் கடைசிப் பணிதான் நேரடியாகத் தொடர்புடையது.

அந்த நாளில் மதராசுக்குத் துறைமுகம் கிடையாது. அது 1875-க்குப் பிறகு எழுந்தது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கையும் ஆளையும் இறக்கின. வடக்கிலிருந்து வரும் கப்பல் பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்து மணல் திட்டுகளைத் தாண்டி வர வேண்டும். வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தைக் கொண்டு மாலுமி கண்டுகொள்வார். கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது தீர்க்கரேகை. அதற்கு மாலுமிக்கு இரண்டு தேவை: சரியாக ஓடும் கடிகாரம், மதராசின் தீர்க்கரேகை இன்னது என்ற நம்பகமான எண்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க நுங்கம்பாக்கத்தில் வியாழனைப் பார்த்தார்கள்.

வியாழனின் துணைக்கோள்கள் அதன் நிழலுக்குள் நுழைந்து மறைகின்றன, பிறகு வெளிப்படுகின்றன. அந்த நிகழ்வு உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் நடக்கிறது. கிரீன்விச்சில் அது மாலை 5 மணிக்கு நடந்தபோது மதராஸ் மணி 10:21 என்றால், இரண்டு ஊருக்கும் இடைவெளி 5 மணி 21 நிமிடம். ஒரு மணிக்கு 15 பாகை என்று பெருக்கினால் தீர்க்கரேகை வந்துவிடும். காகிதத்தில் எளிது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தவருக்குத்தான் சிரமம் தெரியும். மிக வேகமாகச் சுற்றும் முதல் துணைக்கோளான அயோகூட நிழலுக்குள் முழுதாக நுழைய மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. சட்டென்று அணையாமல் மெல்ல மங்குகிறது. எந்த விநாடியில் மறைந்தது என்று எழுதுவது? பெரிய தொலைநோக்கியில் பார்ப்பவருக்கு ஒளிப்பொட்டு சற்று நேரம் கூடுதலாகத் தெரியும். சிறியதில் முன்னதாகவே தொலைந்துவிடும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும், அடிவானத்துப் புழுதியும், பார்ப்பவரின் வயதும் அந்த விநாடியை நகர்த்திவிடும்.

இதற்கு அந்தக் கால வானவியலாளர்கள் கண்ட மருந்து, திரும்பத் திரும்பப் பார்ப்பது. பெட்ரியிடம் உதவியாளராகச் சேர்ந்து பின்னர் ஆய்வகத்தின் தலைவரான ஜான் கோல்டிங்காம், வியாழன் கிரகணங்களைப் பல ஆண்டுகள் பதிவுசெய்தார். ராஜாஜி மண்டபம் என்று நாம் அறிந்த கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே. இவர் விடுப்பில் போனபோது ஜான் வாரன் பொறுப்பேற்றுக் கணக்கைத் திருத்தினார். இந்த இருவர் காலத்தில் நிலைபெற்ற எண், 80 பாகை 17 கலை 21 விகலை. பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை. 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கு இந்த எண்ணே ஆதாரமானது. குமரியிலிருந்து இமயம்வரை வரைந்த வரைபடங்களின் தீர்க்கரேகைகளெல்லாம் நுங்கம்பாக்கத்தை நம்பியே நின்றன.

பிற்காலத்தில் உறுதியான மதிப்பு 80 பாகை 14 கலை 47 விகலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இரண்டரைக் கலைக்குச் சற்று மேல். நேரக்கணக்கில் பத்து விநாடி. நம் ஊர் அமைந்துள்ள அட்சரேகையில் தரைமேல் அளந்தால் நாலரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும். பழைய எண்ணின்படி நுங்கம்பாக்கத்து ஆய்வகம் கோட்டையை ஒட்டிய கரைக்கே வந்துவிடுகிறது. கோட்டையும் ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் அதே அளவு கிழக்கே நகர்ந்து வங்கக் கடலுக்குள் நிற்கும். ஒரே வரைபடத்துக்குள் எல்லாம் சேர்ந்தே நகர்ந்ததால், ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் மாறவில்லை. லண்டன் மணியைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கடலிலிருந்து வரும் கப்பலுக்கு மட்டும் அந்தப் பிழை உண்மையான பிழை.

பல ஆண்டுகள், பல இரவுகள் பார்த்தும் பத்து விநாடி எப்படித் தப்பியது? இந்தப் பகுதியை எழுதவேண்டும் என்று என்னை உந்தியது இந்தக் கேள்விதான்.

சராசரி என்ற கருவிக்கு அப்போது ஐரோப்பாவில் புதிய மதிப்பு வந்துகொண்டிருந்தது. 1805-ல் பிரான்சின் லெஜாந்தர் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டார். வால்மீனின் பாதையைக் கணிக்க எழுதிய நூலின் பின்னிணைப்பாக அது வந்தது. 1809-ல் ஜெர்மனியின் காஸ் அதே முறைக்கு நிகழ்தகவின் அடித்தளம் போட்டார். பிழைகள் இருபக்கமும் சமமாகச் சிதறினால், பதிவுகள் பெருகப் பெருகச் சராசரி உண்மையை நெருங்கும். நெருங்கும் வேகத்துக்கும் கணக்கு உண்டு: பதிவு நூறு மடங்கானால் தடுமாற்றம் பத்தில் ஒன்றாகும். ஒரு கிரகணத்தில் இருபது விநாடி தடுமாறும் கண், நூறு கிரகணங்களின் சராசரியில் இரண்டு விநாடிக்கு வந்துவிடும்.

இருபக்கமும் சமமாகச் சிதறினால் என்பதே அதில் உள்ள நிபந்தனை. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் ஆயிரம் முறை நிறுத்தாலும் எடை சரியாகாது. வியாழன் கிரகணத்தில் அப்படி ஒட்டிக்கொள்ள இடங்கள் பல. சிறு தொலைநோக்கி மறைவை முன்னதாகவும் வெளிப்பாட்டைத் தாமதமாகவும் காட்டும். இரண்டையும் சம எண்ணிக்கையில் சேர்த்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் அயோவைப் பொறுத்தவரை ஒரே கிரகணத்தில் இரண்டையும் பார்க்க முடியாது. வியாழன் சூரியனுக்கு எதிர்ப்புறம் வருவதற்கு முந்தைய மாதங்களில் மறைவு மட்டும் தெரியும், பிந்தைய மாதங்களில் வெளிப்பாடு மட்டும். அந்த மாதங்களில் ஒரு பாதி வடகிழக்குப் பருவமழையில் அடிபட்டால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிரீன்விச்சில் அதே கிரகணத்தைப் பார்க்காத இரவுகளில் அச்சடித்த அட்டவணையின் நேரத்தைத்தான் நம்பவேண்டும். அட்டவணையின் பிழை எத்தனை இரவு பார்த்தாலும் அப்படியே நிற்கும். இத்தனையையும் சேர்த்துக் கூட்டி வகுத்த எண்ணில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை. சராசரி எடுத்த கையோடு அந்தத் தடயங்கள் அழிந்துவிடுகின்றன.

ஆகவே கூட்டுவதைவிடப் பிரிப்பதே பெரிய வேலை என்பது என் கருத்து. மறைவு தனி, வெளிப்பாடு தனி. இந்தக் கருவி தனி, அந்தக் கருவி தனி. இவர் பார்த்தது தனி, அவர் பார்த்தது தனி. பிரித்து வைத்த கட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அங்கே ஏதோ மறைந்திருக்கிறது.

ஆளையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதை உலகம் ஒரு வருத்தமான சம்பவத்திலிருந்து கற்றது. 1796-ல் கிரீன்விச் வானாய்வகத்தில் டேவிட் கின்னிபுரூக் என்ற உதவியாளர் வேலை இழந்தார். தொலைநோக்கிக்குள் கட்டிய கம்பியை நட்சத்திரம் கடக்கும் நேரமாக அவர் எழுதியது, தலைவர் மாஸ்கெலின் எழுதியதிலிருந்து 0.8 விநாடி விலகியிருந்ததே காரணம். கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மன் வானவியலாளர் பெசல் அந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு, தேர்ந்த வானவியலாளர்களுக்கு இடையிலேயே இப்படி நிலையான வேறுபாடு இருப்பதைக் காட்டினார். கடிகாரத்தின் ஒலியைக் காது வாங்குவதும் நட்சத்திரத்தைக் கண் பிடிப்பதும் ஆளுக்கு ஆள் வேறு தாமதத்தில் நடக்கின்றன. கின்னிபுரூக் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவருக்கும் மாஸ்கெலினுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து கழித்திருந்தால் போதுமாயிருந்தது.

கோல்டிங்காமுக்குப் பிரித்துப் பார்க்கும் கலை தெரியாது என்று எவரும் எண்ணவேண்டாம். 1820, 1821-ல் அவர் செய்த இன்னொரு வேலை அதற்குச் சாட்சி. ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் தினமும் காலை, மாலை பீரங்கி முழங்கும். கோட்டைக்கும் ஆய்வகத்துக்கும் இரண்டரை மைலுக்கு மேல் தூரம், பரங்கிமலைக்கு ஐந்தரை மைலுக்கு மேல். நெருப்பு தெரிந்த கணத்துக்கும் ஓசை காதில் விழுந்த கணத்துக்கும் இடைவெளியை நாள்தோறும் பதிவுசெய்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் திசை எல்லாம் எழுதினார். பிறகு மாதவாரியாகப் பிரித்தார். குளிர்மாதங்களில் குறைவாகவும் ஆனி, ஆடியில் அதிகமாகவும் வேகம் ஏறி இறங்கியது. ஆண்டு முழுவதையும் ஒரே சராசரியாக்கியிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் நம் கண்ணுக்கே வந்திராது. பீரங்கிக்கு வாய்த்த அந்தப் பிரிப்பு வியாழனுக்கு வாய்க்கவில்லை. பீரங்கி நாள் தவறாமல் முழங்கும். வியாழனும் வானமும் ஒத்துழைக்கும் இரவுகள் குறைவு.

1830-ல் கிரீன்விச்சிலிருந்து வந்த தாமஸ் கிளான்வில் டெய்லர் புதிய கருவிகளுடன் வேலையைத் தொடங்கினார். இந்திய உதவியாளர்களின் இரவுக் கண்களையும் பகல் கணக்கையும் நம்பி அவர் உருவாக்கிய 11,015 நட்சத்திரங்களின் மதராஸ் பட்டியல் 1844-ல் வந்தது. வியாழனை விட்டுவிட்டுச் சந்திரனைக் கொண்டு தீர்க்கரேகை கணித்தபோது அவருக்குக் கிடைத்தது 80 பாகை 14 கலை 20 விகலை அளவு. ஒரே பாய்ச்சலில் மூன்று கலை மேற்கே வந்துவிட்டது. முந்தைய எண்ணின் பிழையைக் காட்ட முற்றிலும் வேறொரு வழியில் அளக்கவேண்டியிருந்தது. பழைய வழியில் இன்னும் ஆயிரம் இரவு பார்த்திருந்தாலும் அது தெரிந்திராது.

தந்திக் கம்பி வந்த பிறகு கதை வேகமாகிறது. 1870-களில் நில அளவைத் துறையின் கேம்பெல், ஹெவிசைட் என்ற இரு அதிகாரிகள் சூயஸ், ஏடன், பம்பாய், மதராஸ் என்று கம்பிவழியே மணியை ஒப்பிட்டனர். பார்ப்பவரின் தாமதத்தைக் கழிக்க, இடங்களை மாற்றிக்கொண்டு மறுபடியும் அளப்பது இந்த வேலையில் வழக்கமாகியிருந்தது. கின்னிபுரூக்குக் கிடைக்காத நியாயம் அதற்குள் நடைமுறை விதியாகிவிட்டது. 1890-களில் ஐரோப்பாவிலிருந்து பாரசீகம் வழியாக மீண்டும் அளந்து 47 விகலை என்று உறுதிசெய்தனர். என்றாலும் நில அளவை வரைபடங்கள் பழைய எண்ணை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை சுமந்தன. ஏறத்தாழ இரண்டரைக் கலை கழித்துக்கொள்ளவும் என்ற குறிப்போடு அச்சான தாள்கள் நூலகங்களில் இன்றும் உண்டு.

இப்போது காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகின் ஜிபிஎஸ் கருவியும், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பலும் செய்வது அதே கணக்குதான். நான்கு செயற்கைக்கோள் போதும் என்றாலும் கருவி எட்டு, பத்தைப் பிடித்து, எல்லாவற்றுக்கும் மிக நெருக்கமாகப் பொருந்தும் ஓர் இடத்தை மீச்சிறு வர்க்க முறையில் கண்டுபிடிக்கிறது. பொருந்தாமல் எஞ்சும் தூரங்களைப் பார்த்து எந்தச் செயற்கைக்கோளை நம்பக்கூடாது என்றும் முடிவுசெய்கிறது. உயர்ந்த கிரேன்களில் பட்டுத் தெறித்து வரும் அலை எப்போதும் நீண்ட பாதையில்தான் வரும், குறுகிய பாதையில் வராது. ஒருபக்கம் சாய்ந்த பிழை இங்கேயும் உண்டு.

எஞ்சுவதைப் பார்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 1848 முதல் ஆய்வகத்தின் தலைவராயிருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் அதில் சிக்கினார். பாம்பாட்டி விண்மீன்தொகுதியில் 70 ஒஃபியூக்கி என்று ஓர் இரட்டை நட்சத்திரம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று 88 ஆண்டுகளில் சுற்றுகின்றன. வில்லியம் ஹெர்ஷல் 1779-லேயே அதைக் கவனித்திருந்தார். கணித்த பாதைக்கும் பார்த்த இடத்துக்கும் உள்ள வேறுபாடுகளை ஜேக்கப் வரிசையாக வைத்தபோது அவை ஏறி இறங்குவதுபோலத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இழுத்துக்கொண்டிருக்க மிகுந்த வாய்ப்பு உண்டென்று 1855-ல் லண்டன் அரச வானவியல் கழகத்தின் இதழில் எழுதினார். சூரியனுக்கு அப்பால் வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் உண்டென்று அளவீட்டை வைத்து வாதிட்ட முதல் கட்டுரைகளில் ஒன்று நம் மதராசிலிருந்து போனது என்பது சிறிய செய்தியல்ல.

கோள் அங்கே இல்லை. 1896-ல் அமெரிக்கர் தாமஸ் சீ அதே நட்சத்திரத்துக்கு இன்னொரு மறைந்த துணையைச் சொன்னார். 1899-ல் ஃபாரஸ்ட் மோல்டன் அப்படியொன்று இருந்தால் அந்த அமைப்பு நிலைத்திருக்காது என்று கணிதத்தால் காட்டினார். நவீன அளவீடுகளிலும் கோள் எதுவும் உறுதிப்படவில்லை. ஜேக்கப் வைத்திருந்த பழைய அளவீடுகள் பல நாட்டு, பல தலைமுறைப் பார்வையாளர்களுடையவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாய்வு. அவற்றைக் காலவரிசையில் அடுக்கினால் ஒருவர் போய் மற்றொருவர் வரும் இடத்திலெல்லாம் கோடு ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கும் சோதனை அவர் காலத்தில் உருவாகவில்லை. ஜேக்கபை நான் குறைசொல்லமாட்டேன். அளவீட்டின் நடுக்கத்தில் கோளைத் தேடும் அதே எண்ணம்தான் 1995-ல் 51 பெகாசி நட்சத்திரத்தைச் சுற்றும் கோளைப் பிடித்துக் கொடுத்தது.

எஞ்சியதைச் சரியாகப் படித்தவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்து, இளம்வயதிலேயே ஆய்வகத்தில் சேர்ந்து, தலைமை உதவியாளராக உயர்ந்தவர். 1861-ல் தலைவராக வந்த நார்மன் போக்சன், நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு என்று அளவுகோல் வகுத்துத் தந்தவர். அந்த அளவுகோலில் பழகிய கண் ஒரு படியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தவறலாம், அதற்கு மேல் தவறாது. தென்வானில் வலை விண்மீன்தொகுதியைச் சேர்ந்த ஒரு நட்சத்திரத்தின் பதிவுகளை ரகுநாதாச்சாரி ஒப்பிட்டபோது வேறுபாடு அந்த எல்லையைத் தாண்டிப் பல படிகள் போயிற்று. பார்த்தவரின் பிழை என்று ஒதுக்காமல், மாறுவது நட்சத்திரமே என்று 1867-ல் அறிவித்தார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. ஏறத்தாழ 278 நாட்களுக்கு ஒருமுறை அது பொலிந்து மங்குகிறது. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு. மதராசிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 14 பாகைக்கு மேல் அது ஏறுவதே இல்லை. ஐரோப்பிய ஆய்வகங்களுக்கோ அது அடிவானத்துக்குக் கீழே.

1872-ல் அரச வானவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-ல் சூரியன் முகத்தை வெள்ளி கடந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கப் பல மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். 1880-ல் மறைந்தார். அதற்கு முன் அவர் இன்னொரு சண்டையையும் தொடங்கியிருந்தார். பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்தில் கிரகம் நிற்கும் இடத்துக்கும், தொலைநோக்கியில் அது தெரியும் இடத்துக்கும் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளி ஒருபக்கமாகவே பெருகிவருகிறது, வாய்பாட்டையே வானத்தைப் பார்த்துத் திருத்தவேண்டும் என்று வாதிட்டு, திருக்கணித முறையில் தானே பஞ்சாங்கம் வெளியிட்டார். திருவொற்றியூர்த் தேரடியில் இன்றும் வாக்கியம், திருக்கணிதம் இரண்டும் விற்கிறார்கள். சனிப்பெயர்ச்சிக்கு இரண்டும் இரண்டு தேதி சொல்கின்றன.

(தொடரும்)